கேமராவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று கேமராவின் கண்ணாடிக்கே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்த மகாபுத்திசாலி நான்தான். அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் வைத்தாயிற்று. இதற்கு நெற்றி எது என்று தேடினேன்; வட்டமாய், பளபளவென்று அது ஒன்றுதான் தென்பட்டது.

யுத்தகாலத்தில் ஆவடி பட்டாளத்துச் சிப்பாய் ஒருவன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன மடக்குக் கேமரா அது. அதைப் பட்டுத்துணியில் சுற்றித்தான் வைத்திருந்தேன். பட்டு, என் மனைவியின் முகூர்த்தப் புடவையில் கிழித்தது.

மறுநாள் என் மைத்துனியைப் படம் எடுத்துப் பூந்தமல்லி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவேண்டும். பிலிமில் பாக்கி ஒரே ஒரு படம். கடையில் பிலிம் கிடைக்காத காலம். காய்ந்துபோன சந்தனத்தை, விளக்குச் சிம்னி துடைக்கிற மாதிரி சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல். கழுவி வந்த படத்தில் மைத்துனி மார்கழிப் பனிக்குள் நின்றிருந்தாள். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம். பதிலே வரவில்லை. மைத்துனி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பத்தாம் நாள் மாப்பிள்ளையின் தாயார் நேரிலேயே வந்து, பெண்ணை வாசல் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்.

"இன்னாத்தையோ மறைக்கிறீங்கன்னு நெனச்சுகினு வந்தேன். பொண்ணு லட்சணமாத்தான் கீது. கண்ணாலத்த வெச்சுக்கலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பியது. கிளம்பும்போது அந்த அம்மாள், படம் எடுத்தது யார் என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நைனா, கண்ணாலத்தன்னிக்கு நீ பந்திய மட்டும் பாத்துக்கினா போதும்."