தோட்டா வேறு, துப்பாக்கி வேறு

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் துப்பாக்கி ஆசை வந்தது. கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவன் நான். மற்ற ஊர்களில் தொழிற்சாலை என்பதை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இருக்கிற நெருப்பு போதாது என்று இது வேறா என்று கேட்டவர்களே அதிகம்.

உண்மையில் இதை ஆரம்பித்து வைத்தவர் ஒரு டாக்டர். ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. மூச்சை அடக்கி, நிதானமாகச் செய்கிற ஏதாவது ஒன்றைப் பழகுங்கள் என்றார். அவர் மனதில் யோகாசனம் இருந்திருக்கும். பருப்பு வியாபாரம் செய்யும் என் நண்பர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் கயத்தாறு தாண்டி ஒரு பொட்டல் காட்டில் இருக்கும் ரைஃபிள் கிளப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கரிசலில் மண்ணை மலைபோலக் குவித்து, அதற்கு முன்னால் குறி பார்த்துச் சுட அட்டை நிறுத்தியிருந்தார்கள். சொல்லிக் கொடுப்பவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்று நான் சுட்ட முதல் தோட்டா அட்டையிலேயே படவில்லை. "கோவத்தோட இழுத்தா இப்படித்தான் கீழ போகும்" என்றார் ஹவில்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை ஆபீஸ் வாசலில் லாரிக்காரனோடு போட்ட சண்டையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. துப்பாக்கி காட்டிக் கொடுத்துவிட்டது.

இரண்டு மாதத்தில் ஆள் மாறிப்போனேன். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல மெல்ல அழுத்தி, எப்போது வெடித்தது என்று எனக்கே தெரியாமல் சுட வந்தது. கிளப்பில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். சத்தியமாகத்தான் சொல்கிறேன். என்னைப் பொறுமைசாலி என்று சொன்ன ஒரே இடம் இந்த உலகத்தில் அதுதான். அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டே சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்க முடிவு செய்தேன்.

பாயின்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டா ரகம்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ரிம்ஃபயர் என்பார்கள். தோட்டாவின் அடிவிளிம்பில் கொஞ்சம் மருந்து ஒட்டியிருக்கும், விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் பற்றிக்கொள்ளும். குச்சி முனையில் மருந்து வைத்தே தலை நரைத்த எனக்கு இதைப் புரிய வைக்க யாரும் தேவைப்படவில்லை. பெரிய தோட்டா ஒன்றின் விலையில் இதில் பலமுறை சுடலாம். கை உதறாது, காது அடைக்காது. பொழுதுபோக்குக்கு அட்டையில் ஓட்டை போடுகிறவனுக்கு இதற்கு மேல் எதற்கு?

எந்தப் பிஸ்டல் என்பதில்தான் மூன்று மாதம் போனது. கடையில் புதிதாக ஒன்று காட்டினார்கள். குழல் குட்டை, குறி பார்க்கும் முனையைத் திருப்பி அமைக்க வழியில்லை. இது பையில் வைக்கத்தான் லாயக்கு என்று ஹவில்தார் ஒதுக்கிவிட்டார். வெளிநாட்டுப் பிஸ்டல் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அதுவும் விலை உயர்ந்த தோட்டாவைத்தான் ஏற்குமாம். மலிவானதைப் போட்டால் பாதியில் சிக்கி நின்றுவிடுமாம். இது என்ன, மாப்பிள்ளை முறுக்கா என்று எரிச்சல் வந்தது.

கடைசியில், போட்டிகளுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவர் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தார். பழையதுதான். நீளக் குழல், மரக் கைப்பிடி, திருகினால் நகரும் குறி, எந்தத் தோட்டாவைப் போட்டாலும் முகம் சுளிக்காது. அதைக் கையில் பிடித்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. பத்துச் சுட்டேன். எட்டு நடுவில் விழுந்தது. உரிமம் வந்ததும் உங்களுக்குத்தான் என்றார் அவர்.

உரிமத்துக்கு மனுப் போட்ட செய்தி எப்படியோ பரவிவிட்டது. எங்கள் பக்கம் துப்பாக்கி என்றால் ஒன்று பேங்க் காவலாளி வைத்திருப்பான், இல்லையென்றால் பகையாளி உள்ளவன் வைத்திருப்பான். யாரோடு பகை என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். பசுவந்தனையில் மக்காச்சோளம் போட்டிருக்கும் மாமா ஒருவர் போனில் கூப்பிட்டு, "ஏலே, வாங்குததுதான் வாங்குத, பன்னி சுடுத மாதிரி பெருசா வாங்கு" என்றார். காட்டுப் பன்றி சோளத்தை அழிக்கிற கவலை அவருக்கு.

என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு புதன்கிழமை காலை, விசாரணைக்கு ஏட்டையா வீட்டுக்கு வந்தார். தெரிந்தவர்தான். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்தாள். ஏட்டையா பேனாவை மூடப் போனவர், விதிமுறைக்காக ஒரு வார்த்தை கேட்டார். வீட்டில் துப்பாக்கி வைப்பதில் மதினிக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லைதானே என்று.

"இருக்கு. எழுதிக்கிடுங்க" என்றாள்.

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இவியளுக்குக் கோவம் வந்தா கையில என்ன இருக்கோ அத எறிஞ்சிருவாவ. டம்ளர் இருந்தா டம்ளர், போன் இருந்தா போன். அந்த நேரம் கையில துப்பாக்கி இருந்தா நான் என்ன செய்ய? எனக்குப் பயமா இருக்கு."

குரலை உயர்த்தவே இல்லை. கடைக்குச் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். என் காது ஙொய் என்று அடைத்துக்கொண்டது. இடி விழுந்திருந்தால்கூட அங்கே இங்கே பார்த்திருப்பேன். இதற்கு எங்கே பார்ப்பது? ஏட்டையா பீரோவைப் பார்த்தார். பீரோ கதவில் ஒரு நெளிவு இருக்கிறது. எந்த வருடம், எதை எறிந்து விழுந்த நெளிவு என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கும். நாளைக்கு வாரேன், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க என்று சொல்லிவிட்டு, அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு மானம் போயிற்று. வெளி ஆள் முன்னால் சொல்லலாமா என்று கேட்டேன். இத்தனை மாதம் வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்று கேட்டேன். நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே என்றாள். நான் எறிந்ததெல்லாம் சுவரைப் பார்த்துத்தான், ஒரு நாளாவது உன்மேல் பட்டதுண்டா என்றேன். தோட்டாவை ஒரு பீரோவில் வைப்பேன், துப்பாக்கியை இன்னொன்றில் வைப்பேன், இரண்டு சாவியையும் உன்னிடமே கொடுத்துவிடுகிறேன் என்று கடைசியாக இறங்கி வந்தேன்.

"பீடி வேற, தீப்பெட்டி வேறன்னுதான அந்த அண்ணனும் சொன்னாவ" என்றாள்.

என் ஆபீஸ் கேட்டில் தினமும் காலையில் நானேதான் நிற்பேன். பீடி, தீப்பெட்டி, லைட்டர், போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. மச்சானாக இருந்தாலும் பையைத் தடவிப் பார்த்துத்தான் விடுவேன். பதினைந்து வருடமாக வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு நாள் ஒற்றைப் பீடி இருந்தது. பீடி மட்டுந்தான், தீப்பெட்டி வீட்டில் இருக்கிறது என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. பீடி கையில் இருந்தால் நெருப்பை மனசு தேடும் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தித் திருப்பி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

"அன்னைக்கு நீங்க செஞ்சது சரின்னா, நான் செய்யுததும் சரிதான்" என்றாள்.

சுருக்கென்று ஏறியது கோபம். என்ன பேசினேன் என்று தெரியாது. சத்தமாக ஏதோ சொன்னேன். அப்போது அவள் முகத்தை இடது பக்கமாகத் திருப்பி, கண்ணைப் பாதி மூடி, தோளைக் கொஞ்சம் தூக்கினாள். ஓடவில்லை, கத்தவில்லை. அவ்வளவுதான். மழைச் சாரலுக்கு முகத்தைத் திருப்புவதுபோலப் பழகிப்போன அசைவு.

எதற்கு இப்படித் திரும்புகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் என் கையைப் பார்த்தேன். காபி டம்ளர் காதுக்கு மேலே போயிருந்தது. மிச்சக் காபி முழங்கை வழியாகச் சட்டையில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஐயோ, நான் தூக்கவே இல்லையே. எப்போது தூக்கினேன்? கிளப்பில், எப்போது வெடித்தது என்று தெரியாமல் சுடுவதுதான் நல்ல சுடுதல் என்று ஹவில்தார் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து டம்ளரை என் விரல்களிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஏட்டையா வரும்வரை காத்திருக்கவில்லை. நானே ஸ்டேஷனுக்குப் போய், மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். காரணம் எழுத வேண்டும் அண்ணாச்சி, வீட்டில் ஆட்சேபணை என்று போட்டுவிடவா என்றார் ஏட்டையா. ஊருக்குத் தெரிந்தால் அவள் பெயர்தான் கெடும். வேண்டாம் என்று சொல்லி, தாளை வாங்கி நானே எழுதினேன். மனுதாரருக்குக் கோபம் அதிகம் என்று எழுதினேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கீழே கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். போட்டேன்.