பிள்ளையார்பாளையத்தில் கேட்ட கப்பல்கள்

என் கணவர் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து அந்த ரேடியோவைக் கோணியில் சுற்றி பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்தார். பட்டாளம் கழித்துவிட்ட பச்சை நிற இரும்புப் பெட்டி. பாட்டு, நாடகம் எதுவும் அதில் ஒழுங்காக வராது. கப்பல்கள் பேசிக்கொள்வது கேட்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதற்காகவே வாங்கியிருந்தார்.

காரணம் அவருடைய தம்பி. எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் பட்டுத்தறியில் உட்கார்ந்தபோது, இவர் ஒருவர் மட்டும் கடற்படைக்குப் போனார். விசாகப்பட்டினம் தளத்தில் ரேடியோ ஆபரேட்டர். அவரை அனுப்பிவிட்டு என் மாமியார் சரியாகச் சாப்பிடாமல் இருந்த காலம் அது.

நான் தந்தி ஆபீசில் வேலை பார்த்தேன். புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்புகிற மோர்ஸ் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் ஆபீசில் மோர்ஸ் என்றால் டக் டக்கென்று இரும்பு தட்டுகிற சத்தம். ரேடியோவில் வந்ததோ சீழ்க்கை. முதல் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓர் எழுத்துகூடப் பிடிபடாமல் விழித்தேன்.

"உனுக்குத் தெரியும்னு நெனச்சி வாங்கிக்கினு வந்துட்டனேமா" என்றார் அவர், முகம் வாடி.

"காது பழகட்டும், இருங்க" என்றேன்.

பழகியது. மாலையில் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் தறியை விட்டு எழுந்துவிடுவார். அறுந்த இழையைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள் அவருக்கு. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய சீழ்க்கையை அந்த விரல்கள் பிடித்து நிறுத்தும். நான் படித்துச் சொல்வேன். சரக்குக் கப்பல்கள் துறைமுகத்துக்கு எப்போது வந்து சேரும், குடிதண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும். கடற்படைச் சங்கேதம் வேறு மாதிரி: ஐந்தைந்து எழுத்தாக, அர்த்தமே இல்லாமல், மழை பெய்வதுபோல் கொட்டும்.

மாமியார் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுல எது எம் புள்ள?"

"தெரியாது அத்தை. எல்லாம் ரகசிய எழுத்து. நமக்குப் புரியாது."

"புரியலன்னா இன்னா, கேக்குறேன் குடு." கொண்டைக்கு மேலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

போர் நடந்து முடிந்த சமயம். எங்கள் மாடியிலிருந்து தென்னைமரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்து, இந்த வீட்டில் எதிரிக்குத் தகவல் போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டியிருந்த காலம்; அதைக் காட்டினோம். மரியாதையாகவே பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அதற்குப் பிறகு என் கணவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அவர் தலைகுனிந்து நடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அமெச்சூர் ரேடியோன்னு ஒரு பரீட்சை இருக்குது. தேறினா கேக்கறதுக்கு மட்டுமில்ல, பேசறதுக்கும் கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்கும். எழுதலாம்" என்றேன்.

"நீ எழுது. நா பேசற பொட்டி கட்டித் தர்றேன்."

"ரெண்டு பேரும்தான் எழுதறோம்."

தறி மிதித்துக்கொண்டே வாயால் மோர்ஸ் அடித்துப் பழகினார். கால் ஒரு தாளம், வாய் ஒரு தாளம். பக்கத்துத் தறிக்காரர்கள் சிரித்தார்கள். பரீட்சைக்கு மெட்ராஸ் போனோம். நான் தேறினேன். அவர் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கி, மோர்ஸில் கோட்டை விட்டார்.

ஊருக்குத் திரும்பினோம். அவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேரே மிட்டாய்க் கடைக்குப் போனார். தெரு முழுக்க வீடு வீடாக ஏறி, "எம் பொண்டாட்டி பாஸ் பண்ணிட்டா" என்று லட்டு கொடுத்தார். புரளியைக் கிளப்பிவிட்டவர் என்று நாங்கள் சந்தேகப்பட்டவர் வீட்டையும் விடவில்லை.

லைசென்சுக்காக விசாரிக்க வந்ததும் அதே போலீஸ்காரர்தான். இந்த முறை காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

விசாகப்பட்டினம் தளத்தில் மாலுமிகளுக்கென்று ஒரு அமெச்சூர் நிலையம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தனார் அங்கே உட்காருவதாக ஏற்பாடு. என் கணவர் கட்டிய டிரான்ஸ்மிட்டரின் கண்ணாடி வால்வுகள் சிவந்து எரிந்தன. மோர்ஸ் கட்டையைத் தட்டி அழைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு, தூரத்திலிருந்து, சுத்தமான சீழ்க்கை. லைசென்ஸோடு கிடைத்த எங்கள் அழைப்புக் குறி. அதன் பின்னால் இங்கிலீஷ் எழுத்தில், "அண்ணி".

நான் சொன்னதும் மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "சாப்ட்டானான்னு கேளு."

"அடுத்தவங்க சொல்ற சேதிய அனுப்பக் கூடாது அத்தை. அது சட்டம். நான் பேசறதத்தான் பேசலாம்."

"அப்ப நீயே கேளு. நீ அவன் அண்ணிதான?"

நான் கேட்டேன், என் கேள்வியாகவே. பதில் வந்தது: சாப்பிட்டாச்சு, இட்லி, கல்லு மாதிரி. படித்துச் சொன்னேன். மாமியார் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர். என் கணவர் டிரான்ஸ்மிட்டரின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அவரும் மோர்ஸில் தேறினார்.

அந்த வருஷம் லீவில் வந்தபோது கொழுந்தனார் சொன்னார்: "அன்னிக்கு நாலஞ்சு பேர் என் பின்னால நின்னுக்கினு கேட்டாங்க அண்ணி. மோர்ஸ் அடிக்கற கை இவ்ளோ சுத்தமா இருக்குதே, எந்தக் கப்பல் ஆபரேட்டர்னாங்க. கப்பல் இல்லடா, காஞ்சிபுரம்னேன்."