தேவ சித்தமும் ஓர் எரிகல்லும்

மைசூரில் எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜாதகம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதற்குப் பதிலாகத் தேவ சித்தம் பார்ப்போம். இரண்டு வீட்டாரும் கூடி, கண்ணை மூடி, இந்தச் சம்பந்தம் உமக்குச் சித்தமா என்று ஆண்டவரைக் கேட்பார்கள். பெண்ணைக் கேட்கும் வழக்கம் இல்லை.

என்னைப் பார்க்க வந்தவர்களில் அவர்கள் நான்காவது கோஷ்டி. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் பெரிய வேலை. நான் பஜ்ஜித் தட்டை நீட்டியபோதே அவருடைய அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் நர்ஸ் வேலையெல்லாம் எதுக்கும்மா? சும்னே ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிட்டு" என்றார், 'சும்மா'வைக் கன்னடமாக்கி. மாப்பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஐ.சி.யு. வேலை பிடிக்கும், இந்த ஆளுக்காக அதை விடுவதா? ஆனால் ஏற்கெனவே மூன்று வரன்களைத் தட்டிக்கழித்தவள் நான். இதையும் கழித்தால் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன்.

ஜெபம் ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஹாலில் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் நாற்காலியும் கையுமாக மொட்டைமாடிக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா உலகத்தின் சிருஷ்டிப்பில் தொடங்கி நிதானமாக மைசூருக்கு வந்து கொண்டிருந்தார். நான் டியூட்டி முடித்து வந்தவள். கண்ணை மூடினால் குறட்டை விட்டுவிடுவேன் என்று திறந்தே வைத்திருந்தேன்.

"உமக்குச் சித்தமானா ஒரு அடையாளம் காட்டும் ஆண்டவரே!"

காட்டிவிட்டார். மலைப் பக்கமிருந்து பச்சையாக ஒரு நெருப்புருண்டை சத்தமே இல்லாமல் கிளம்பி, மாடியைப் பகலாக்கி, இரண்டாக உடைந்து மேற்கே அணைந்தது. தண்ணீர்த் தொட்டி, கொடியில் கிடந்த அப்பாவின் பனியன், வந்திருந்தவர்களின் வழுக்கைகள் எல்லாம் பளபளத்தன. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கைதட்டாமல் அடக்கிக்கொண்டேன்.

மூடிய இமைகளுக்கும் அந்த வெளிச்சம் உறைத்திருக்க வேண்டும். "அல்லேலூயா!" என்று கத்தினார் மாப்பிள்ளையின் அப்பா. "இன்னும் கரண்ட் வரலை, பாருங்க! இது பரலோகத்து வெளிச்சம். முடிவாயிடுச்சு பிரதர்!"

அம்மா ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்கலாம், வானத்தை எப்படித் தட்டிக்கழிப்பது?

"அது எரிகல் அங்கிள்" என்றேன். "ரெண்டா உடைஞ்சு விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"பாத்தியா?" மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குரல் ஏறியது. "ஜெபத்துல கண்ணத் திறந்து வச்சிருந்தியா? சபை மூப்பரோட பொண்ணு நீ!"

அந்த மூப்பர் என் அப்பாதான். ஞாயிறு பள்ளியில் கண் திறக்கும் பிள்ளைகளின் தலையில் குட்டியே பேர் வாங்கியவர். எனக்கும் ஒன்று விழப்போகிறது என்று நினைத்தேன்.

"நானும் மூடலை சிஸ்டர்" என்றார் அப்பா. "அவ பஜ்ஜி கொடுத்ததுலேருந்து அவ மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கேன். அவளுக்கு இஷ்டமில்ல. விட்டுடுவோம்."

அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். கீழே அம்மா பாத்திரங்களோடு சண்டை போட ஆரம்பித்தார். நான் மாடியிலேயே நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அப்பா நாற்காலிகளை அடுக்கிவிட்டுத் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அது எந்தப் பக்கம் போச்சு பாப்பா?"

கை நீட்டிக் காட்டினேன். ஒன்றுமில்லாத அந்த வானத்தை அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.