பண்டசாலைச் சுவருக்குக் காய்ச்சல்

காத்தான்குடியில் சுண்ணாம்பு சுடுகிற கச்சி முகம்மதுவுக்குக் கண் இமையில் மயிர் கிடையாது. அத்தனை வருடம் சூளை வாயில் குனிந்து பார்த்தவருக்கு அது மிஞ்சியிருந்தால்தான் அதிசயம். உதடுகள் வெடித்து வெடித்துக் காய்த்துப் போயிருந்தன. சுண்ணாம்பு பட்டால் எரியும் என்று அவர் வெற்றிலையைத் தொட்டதே இல்லை. ஊர் வாய் முழுக்கச் சிவக்க வைத்துவிட்டுத் தன் வாயை மட்டும் வெளுப்பாக வைத்திருக்கிறாரே என்று சந்தையில் கேலி செய்வார்கள். அவர் லேசாகச் சிரித்துவிட்டு நடந்துவிடுவார். கேலிக்குப் பதில் சொல்லுகிற பழக்கமும் அவரிடம் இல்லை, கேள்விக்குப் பதில் சொல்லுகிற பழக்கமும் இல்லை.

கேள்வியோ அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய பெண்சாதி றபீக்காவின் கேள்வி. வைசூரி ஊரை வாரிக்கொண்டுபோன ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தோராம் ஆண்டில் அவர்களுடைய ஒரே மகள் ஸாலிஹாவுக்கும் நோய் கண்டது. நாலு வயதுப் பிள்ளை. சுகாதாரப் பகுதி ஆட்கள் வந்து தோணியில் ஏற்றி, வாவிக்கரையில் பாழடைந்து கிடந்த ஒல்லாந்தர் காலத்துப் பண்டசாலைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அதைத்தான் அம்மை ஆசுப்பத்திரியாக வைத்திருந்தார்கள். தாய் தகப்பனை உள்ளே விடவில்லை. சில நாளில், பிள்ளை மவுத்தாகிவிட்டது, அடக்கியும் ஆகிவிட்டது என்று செய்தி மட்டும் வந்தது. எங்கே அடக்கினார்கள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மற்றத் தாய்மாருக்கு, தலைமாட்டில் மீசான் கட்டை நட்டு, வெள்ளிக்கிழமைகளில் போய் யாசீன் ஓத ஒரு கபுறு இருந்தது. றபீக்கா வாவியைப் பார்த்துக்கொண்டு ஓதினாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை தரிக்கவில்லை.

முப்பத்தாறாம் ஆண்டில், கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசி கனகசூரியம் அந்தப் பண்டசாலையைத் திருத்தியே தீருவதென்று கிளம்பினார். நல்ல மனிதர், பேச்சுத்தான் கொஞ்சம் அதிகம். கோட்டுச் சட்டையும் தானுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஊருக்கு ஒரு கூட்ட மண்டபம் வேண்டும், பழைய வாளும் காசும் செப்பேடும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு நூதனசாலை வேண்டும், தமிழரும் சோனக முஸ்லிம்களும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார ஓரிடம் வேண்டும் என்றார். அத்தனையும் நியாயம். சீமெந்து ஒரு பிடியும் உள்ளே வரக்கூடாது, ஒல்லாந்தன் பூசியதுபோலச் சிப்பிச் சுண்ணாம்புதான் பூசவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சுண்ணாம்பு என்றால் அந்தப் பக்கத்தில் கச்சி முகம்மதுதான்.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கட்டடத்து வேலை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். கச்சி முகம்மது தலையாட்டிவிட்டு வந்தார். றபீக்காவும் தடுக்கவில்லை. அவர் புறப்பட்ட அன்று வேலிப் படலை வரைக்கும் கூடவே வந்தாள்.

"அங்க ஆருக்காவது தெரிஞ்சிருக்கும். எங்க அடக்கின எண்டு ஒரு சொல்லுக் கேட்டுக்கிட்டு வாங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம்" என்றாள்.

அவர் ஓம் என்றார். போனார், வந்தார், ஒரு நாளும் கேட்கவில்லை. மறந்துபோய் அல்ல, பயந்துபோய்த்தான். கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்களே என்று பயந்தார்.

வேலை பாதியில் நிற்கும்போது சுண்ணாம்புக்குச் சுடுகிற மட்டிச் சிப்பி தீர்ந்துபோனது. வாவியில் மட்டி அள்ளுகிற பெண்கள், மாரித் தண்ணீர் ஏறிவிட்டது, இனி இறங்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். திறப்புவிழாவுக்கு அரசாங்க ஏசண்டுத் துரையே வருவதாக நாள் குறித்தாயிற்று. கனகசூரியம் காலில் நெருப்புப் பட்டவர்போல ஓடித் திரிந்தார். அப்போதுதான் பண்டசாலைக்குப் பின்னால், அடம்பன் கொடி மூடிக் கிடந்த மட்டிப் பிட்டி கச்சி முகம்மதுவின் கண்ணில் பட்டது. எந்தக் காலத்தில் யார் தின்று எறிந்த மட்டியோ, பழசாகி, வெளுத்து, மேடாகக் குவிந்து கிடந்தது. ஆட்களை விட்டு வெட்டித் தோணியில் ஏற்றினார். மட்டியோடு மட்டியாக மெல்லிய வெள்ளைக் குச்சிகளும், சிரட்டைத் துண்டுபோல வளைந்த ஓடுகளும் வந்தன. முருகைக்கல் என்று நினைத்தார். வாவிக்கரைப் பிட்டிக்குள் கடலில் விளைகிற முருகைக்கல் எப்படி வரும் என்று அவர் தன்னையே கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

அந்தச் சூளை எரிந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பகல், காற்று ஒரு பொட்டும் இல்லை. ஆனாலும் புகை மேலே போக மாட்டேன் என்றது. இறங்கி மணலோடு மணலாகப் படர்ந்து, வேலிகளுக்குக் கீழால் நுழைந்து, வீட்டு வாசல்களில் போய்த் தங்கியது. அவருடைய ஒழுங்கையில் எந்த நேரமும் ஏதாவது ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருக்கும். அன்று எல்லாக் குழந்தைகளும் ஒரேயடியாக அழுகையை நிறுத்திவிட்டன. தொட்டிலில் கிடந்தவை கண்ணை விழித்துக்கொண்டு, சூளை இருந்த பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு கிடந்தன என்று பெண்கள் பிறகு சொன்னார்கள்.

ஆனால் சுண்ணாம்பு என்றால் அதுதான் சுண்ணாம்பு. அவ்வளவு வெள்ளையை அவர் கண்டதில்லை. தண்ணீர் விட்டதும் பால்கட்டிபோல இளகிக் கொடுத்தது. எந்தச் சூளை இறக்கினாலும் அதில் முதல்தரமானதை றபீக்காவின் வெற்றிலை வட்டாத் தட்டத்தில் இருக்கும் சுண்ணாம்புச் செப்புக்கு எடுத்து வைப்பது அவர் வழக்கம். பெண்சாதிக்கு அவர் காட்டுகிற பட்சம் அவ்வளவுதான், அதைக் குறைவில்லாமல் காட்டினார். அன்றும் எடுத்து வைத்தார்.

மிச்சமெல்லாம் பண்டசாலையின் வாவிப் பக்கத்து அறைக்குச் சாந்தாகப் போனது. பூசி முடித்த சில நாளில் தலைமை மேசன் நல்லரத்தினம் அவரைத் தேடி வந்தார். வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டார்.

"காக்கா, அந்தச் சுவருக்குக் காய்ச்சல்" என்றார்.

கச்சி முகம்மது போய்த் தொட்டுப் பார்த்தார். வெயில் எட்டாத உட்சுவர் அது. சுவர் முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளங்கை அகலத்துக்குச் சூடு. தண்ணீரில் சரியாக நீறிப் பொடியாகாத கட்டி உள்ளே அகப்பட்டிருக்கும், இப்போதுதான் நீறிச் சூடு விடுகிறது என்று மேசனுக்குச் சொன்னார். நீறாத கட்டி என்றால் ஒரு நாளில் சாந்தைப் பொரித்துத் தள்ளிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். சாந்து பொரியவில்லை. ஓரிடத்தைச் சுரண்டிவிட்டுப் பழைய சூளைச் சுண்ணாம்பால் பூசினார்கள். மறுநாள் பார்த்தால் பூசிய இடம் குளிர்ந்திருந்தது. சூடு அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டு நின்றது. நல்லரத்தினத்தின் ஆட்கள் அத்தோடு அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

கச்சி முகம்மது மட்டும் போனார். மத்தியான நேரம் எல்லோரும் சோற்றுக்குப் போன பிறகு, சுவரோரம் குந்தி, சூடான இடத்தில் கையை வைத்துக்கொண்டு இருப்பார். வேலை பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காய்ச்சல் பிள்ளையின் வயிற்றில் தகப்பன் கை வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான் என்பதை மனதுக்குள் வர விடவில்லை.

நூதனசாலைக்குக் காவலாளியாக வேலப்போடி என்பவரை நியமித்திருந்தார்கள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு தரம் வந்து போனவனை வைசூரி திரும்பத் தொடாது என்று, அந்தக் காலத்தில் ஆசுப்பத்திரியில் பிணம் தூக்க அவரைத்தான் வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்த முதல் நாளே கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிட்டியை யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்றார் கச்சி முகம்மது. வேலப்போடி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள சின்னனுகள் கிடந்த காக்கா. இஞ்ச எங்க தோண்டினாலும் முழங்காலளவில தண்ணி வந்திரும். பெரியாக்களத் தூரத்துப் புளியடியில, தண்ணிக்குள்ளயே குழி வெட்டித் தாட்டம். சின்னனுகளத் தண்ணிக்குள்ள வைக்க எங்களுக்கு மனம் வரல்ல. பிட்டிதான் காய்ஞ்ச இடம். எங்கட புள்ளைகளும் உங்கட புள்ளைகளும் அதுக்குள்ளதான். உங்கட புள்ளைகள மேற்கால பாக்கவெச்சுத்தான் வெச்ச."

கச்சி முகம்மது பிட்டி இருந்த இடத்துக்கு நடந்து போனார். ஒன்றுமில்லை. அவருடைய ஆட்கள் கெட்டிக்காரர்கள், துடைத்து எடுத்திருந்தார்கள். மையித்து உடலுக்கு நெருப்புக் காட்டுவது எந்தச் சோனகனும் நினைத்தும் பார்க்கக்கூடாத காரியம். அதை அவர் தன் கையால், தன் பிள்ளைக்கு, விறகு அடுக்கி, துருத்தி ஊதிச் செய்திருந்தார். 

வீட்டுக்கு வந்தபோது றபீக்கா வட்டாவை முன்னால் வைத்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். இந்தத் தரம் சுண்ணாம்பு எவ்வளவு மெதுவு, நாக்கைச் சுட்டுக் கொஞ்சமும் பொக்களிக்க வைக்கவில்லை என்றாள். முகம் தெளிந்திருந்தது. கொஞ்ச நாளாக அவளுக்கு நித்திரையும் நன்றாக வந்தது, சாப்பாடும் பிடித்தது.  அவர், பல்லி விழுந்துவிட்டது என்று பொய் சொல்லிச் செப்பைப் பிடுங்கிக்கொண்டுபோய் வாவியில் எறிந்தார். அதற்குள் செப்பில் அடிமட்டத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.

திறப்புவிழா தடபுடலாக நடந்தது. ஏசண்டுத் துரை கத்தரிக்கோலால் பட்டு நாடாவை வெட்டினார். இந்தச் சுவர்களுக்கு வாய் இருந்தால் எத்தனை கதை சொல்லும் என்று கனகசூரியம் பேசினார். இப்படிப் பேசுகிறவர்கள் சுவர் வாயைத் திறந்தால் அங்கே நிற்பார்களா என்பது வேறு விஷயம். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற கச்சி முகம்மதுவின் கைகள் சேரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பெண்கள் பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள். றபீக்கா வரப்போகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. கூண்டு வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். மற்றப் பெண்கள் கண்ணாடிப் பெட்டிகளைச் சூழ்ந்து நின்று வாளையும் காசையும் பார்த்தார்கள். றபீக்கா எதையும் பார்க்கவில்லை. வாவிப் பக்கத்து அறைக்குள் யாரோ கூப்பிட்டதுபோல நேரே நடந்து, சுவரோரம் முழந்தாளில் இருந்து, கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்ச வந்து பாருங்க. எப்பிடிச் சுடுகுது புள்ளைக்கு."

இனிமேல் பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. பக்கத்தில் போய் இருந்தார். பிட்டியைச் சொன்னார். வெட்டியதைச் சொன்னார். சுட்டது, இந்தச் சுவரில் பூசியது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். செப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அவள் சுண்ணாம்புக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"அந்தச் சூளைச் சுண்ணாம்புதானே எனக்கும் கொண்டந்து தந்த?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கதறப் போகிறாள், ஊரே ஓடிவரப் போகிறது என்று அவர் நினைத்தார். கை மெல்ல இறங்கி வயிற்றில் வந்து நின்றது. அவள் அழவில்லை.

"அப்ப அவள் எனக்கிட்டத்தான் வந்திருக்காள். கிடந்த இடத்துக்கே திரும்பி வந்திட்டாள்" என்றாள்.

அவர் அவளுடைய காலைப் பிடித்து மாப்புக் கேட்டார். அவள் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்தாள். பிறகு, தனக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் பிள்ளை அவரோடு பேசமாட்டேன் என்கிறாள் என்று சொன்னாள். குரலில் வெறுப்பே இல்லை. குழப்படிக்காரப் பிள்ளைக்காகச் சமாதானம் சொல்லுகிற தாயின் குரலில் சொன்னாள்.

றபீக்கா அதற்குப் பிறகு எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஓதுவதற்கு வாவியைப் பார்த்து உட்காரவும் இல்லை. அவள் சந்தோசமாக இருந்தாள் என்பதுதான் கேட்கப் பயங்கரமானது. ஐம்பதை நெருங்குகிற பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடினாள். சோற்றைப் பிசைந்து, ஆறிவிட்டதா என்று கேட்டுக் கேட்டுத் தின்றாள். குசினிக்குள் அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பாள், கச்சி முகம்மது உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். ஒன்றல்ல, இரண்டு சிரிப்பு நின்றதென்று அவர் வேலப்போடியிடம் சொல்லியிருக்கிறார்.

கச்சி முகம்மது சூளையை அணைத்துவிட்டு மீன் வியாபாரத்துக்குப் போனார். மத்தியானங்களில் நூதனசாலைக்கு வந்து அந்த அறையில் குந்துவார். மண்டபத்தில் கூட்டம் நடக்கும், கல்யாணம் நடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து வாளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும், இரண்டு கையாலும் தடவித் தடவித் தேடுவார். வேலப்போடியும் பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்து, இஞ்ச கொஞ்சம் சுடுகுது காக்கா, இஞ்சயும் சுடுகுது என்று காட்டுவார். காட்டிய இடத்தில் அவர் கையை வைப்பார். அவர் கை வைத்த இடமெல்லாம் குளிர்ந்துதான் இருந்தது.