மேழி பிடிக்கிற கை

விளாங்குடிக் காசிமாயனுக்கு உளி பிடிக்கத் தெரியும் முன்பே அரிவாள் பிடிக்கத் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊர் சொல்லும். என்னைக் கேட்டால் அவனுக்குப் புத்தி இருந்தது. அது எப்போதும் ஒரு வெட்டு பிந்தி வந்தது.

முப்பத்தொன்றாம் வருஷம் கண்மாயில் தண்ணீர் குறைவு. சண்டை நடந்த அன்று தண்ணீர் முறை காசிமாயனுடையது. பக்கத்து வயல் நல்லகாமன் மடையை அடைத்துக்கொண்டு நின்றான். பேச்சு முற்றி, தாயைத் தொட்டது. காசிமாயன் கழுத்துக்கு வீசினான். நல்லகாமன் வலக்கையைக் குறுக்கே கொடுத்தான். மணிக்கட்டோடு அறுந்த கை வாய்க்காலில் விழுந்து, தண்ணீரோடு பத்தடி போனது. அந்தக் கை மட்டும் மறிக்காவிட்டால் ஒருவன் சுடுகாட்டுக்கும் மற்றவன் தூக்குமேடைக்கும் போயிருப்பார்கள்.

எட்டு வருஷம் தண்டனை. சிறையின் தச்சுக் கொட்டடியில் நாற்காலிக்குக் கால் செதுக்கப் போட்டார்கள். முதல் மாதமே, ‘கைவெட்டி’ என்று கூப்பிட்டவனின் தாடையைக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் பெயர்த்தான். வார்டர்கள் அவனைச் சுவரோடு வைத்து மிதித்ததில் விலா எலும்பு முறிந்தது. படுத்துக் கிடந்த நாட்களில் கண்ணை மூடினால் அந்தக் கைதான் மிதந்து வந்தது. எழுந்ததும் கழிவுக் கட்டையில் அதையே செதுக்கினான். பிடுங்கி அடுப்பில் போட்டார்கள். மறுபடி செதுக்கினான். நாற்பதோ ஐம்பதோ கைகள் அடுப்புக்குப் போயிருக்கும். ஒரு கையையாவது நல்லகாமனிடம் கொடுக்காமல் செத்தால் தன் கட்டை வேகாது என்று அவன் நம்பினான்.

விடுதலையாகி வந்ததும் குமிழ மரத்தில் ஒரு கையைச் செதுக்கி முடித்தான். பெண்டாட்டி ஒச்சாயி வாசலை மறித்தாள்.

“கண்டதுண்டமா வெட்டிப் போடுவாய்ங்க. போகாதய்யா.”

“வெட்டட்டும். குடுத்துட்டு வாரேன்.”

நல்லகாமன் களத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் தம்பி அழகுமலை, காசிமாயனைக் கண்ட மாத்திரத்தில் அரிவாளோடு பாய்ந்து தோளில் ஒரு வெட்டுப் போட்டான்.

“விடுடா. என்னதான் கொண்டாந்திருக்கான்னு பாப்பம்” என்றான் அண்ணன்காரன். மரக்கையை இடக்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நகம், ரேகை அம்புட்டும் இருக்கு. மேழி பிடிக்குமாடா இது?”

எட்டு வருஷமாக நல்லகாமன் கலப்பையின் மேழியைப் பிடிக்க முடியாமல், வரப்பில் உட்கார்ந்து தம்பி உழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது காசிமாயன் நினைப்பில் ஒருநாளும் வந்ததில்லை. தன் மனசு ஆற வேண்டும் என்றுதான் இத்தனை கைகளையும் செதுக்கியிருக்கிறான்.

அந்த மரக்கையாலேயே நல்லகாமன் அவன் வாயில் அடித்தான். இரண்டு பற்கள் விழுந்தன. மரவிரல்கள் ஒடிந்து தெறிக்கும்வரை அடித்தான். காசிமாயன் மறிக்கவில்லை.

அடி நின்றதும் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: “கருவேலங்கட்டைல, மேழி பிடிக்கிற மாதிரி செஞ்சு தாரேன். விரலு வேணாம், கொக்கி போதும். கைக்கு அளவு குடு.”

“வேணாண்ணே” என்றான் அழகுமலை.

நல்லகாமன் ஒடிந்த மரக்கையைக் கீழே போட்டான்.

“ஒன்னய மன்னிச்சேன்னு நெனைக்காத. ஆடி உழவு வருது, அதுக்குத்தான்” என்று மொட்டைக் கையை நீட்டினான்.

காசிமாயன் களத்தில் கிடந்த பனைநாரை எடுத்து முனையில் சுற்றினான். தான் வெட்டிய இடத்தை அப்போதுதான் முதல்முறையாகத் தொட்டான். நல்லகாமனின் உடம்பு ஒரு உதறு உதறியது.

“இன்னும் வலிக்குதா?”

“இங்கன வலிக்கல. வெட்டுன நாள்லருந்து சுண்டுவிரலுதான் வலிக்குது. அத எங்கிட்டுப் போயித் தடவ, சொல்லு.”

நார் நழுவிக் கீழே விழுந்தது. காசிமாயன் அந்த மொட்டைக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, களத்து நடுவில் வாய்விட்டு அழுதான். நல்லகாமன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.