இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு சிரிப்பு

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குச் செம்பூர் ஸ்டேஷனில் ரயிலேறினேன். தோளில் கேமரா, பையில் மதினி கட்டிக்கொடுத்த இட்லி. மதினி கல்யாணமாகி வந்ததிலிருந்து செம்பூர்வாசி. "பம்பாய்க்கு வந்தா எல்லாரும் கடலப் பாக்கப் போவாங்க. நீ சந்து பாக்கப் போற" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மாட்டுங்காவுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். நடுவில் குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும்.

எதற்கு இந்தச் சந்து யாத்திரை என்று சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தெருவில் படம் எடுக்கப் போவோம். போன மாதம் குழுவிலிருக்கும் ஒருவர் என் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "உங்க படத்துல எல்லாரும் போறாங்கம்மா, ஒருத்தரும் வரலையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் முதுகு. எதிரே வருகிறவர் முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்க எனக்குத் தைரியம் கிடையாது. தெரியாத ஊரில் கூச்சம் விட்டுப்போகும் என்று நம்பி லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

மாட்டுங்கா பூக்கடைகளில் அன்று காலை நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கேமராவைத் தூக்கியதும் பூக்கட்டுகிறவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த கடைக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மூன்றாவது கடை அம்மாள், "ஏம்மா, பூ வாங்குவியா, சும்மா நிப்பியா?" என்று கேட்டதும் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து காபி குடித்தபடி எடுத்ததைப் பார்த்தேன். எல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி ஆளைத் துரத்தக் கூடாது. நல்ல வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். குவியத்தை முன்கூட்டியே இரண்டு மீட்டருக்கு வைத்துவிட்டு, கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அங்கிருப்பவர்களுக்கு என்னைப் பார்த்துச் சலித்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். மாலைவரை ஒரு பழக்கடை ஓரம் அப்படியே நின்றேன். கடைசியில் இரண்டு முகம் கிடைத்தது. பிரமாதம் இல்லை, ஆனால் முகம்.

வெள்ளிக்கிழமை காலை சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்தேன். நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் நுழைந்ததும் காதில் விழுந்ததெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. "ஏட்டி, அந்தக் குடத்த நவுத்துட்டி." திருநெல்வேலியில் பஸ் விட்டு இறங்கியதுபோல இருந்தது. தண்ணீர் வரும் நேரம். வாசலுக்கு வாசல் நீல டிரம், ரப்பர் குழாய். இரண்டு தகரக் கூரைக்கு நடுவே வெயில் ஒரு பட்டையாக இறங்கி, ஒரு வாசற்படியில் மட்டும் விழுந்தது. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

அந்த வாசலில் ஒரு பெண் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாய் கையிலிருந்து நழுவித் துள்ளி அவள் முகத்திலேயே பீய்ச்சியது. வாய்விட்டுச் சிரித்தாள். நான் அழுத்திவிட்டேன். சின்னத் திரையில் பார்த்தபோது, சிதறிய துளிகள் வெயிலில் நிற்க, நடுவே அந்தச் சிரிப்பு துல்லியமாக வந்திருந்தது. இரண்டு வருஷத்தில் நான் எடுத்த ஒரே நல்ல படம்.

உள்ளேயிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, போட்டோவா? தமிழா?"

"ஆமாக்கா. பாளையங்கோட்டை. நீங்க எந்த ஊரு?"

எங்கள் பக்கத்து ஆட்கள் பெயர் கேட்பதற்கு முன்னால் ஊர் கேட்போம். அவள் சொன்னாள். நாசரேத் பக்கம் ஒரு கிராமம். பெயர் இங்கே வேண்டாம், ஒரு தடவை எழுதியதே போதும். அம்மாவை எஸ்தர் என்றும் மகளை ஷீபா என்றும் பெயர் மாற்றிச் சொல்கிறேன். எஸ்தர் அக்கா உள்ளே கூப்பிட்டு, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, டீ போட்டுக் கொடுத்தாள். ஷீபா தலையைத் துவட்டிக்கொண்டே, "எடுத்தது எடுத்தீங்க ஆன்ட்டி, தலை சீவுனப்புறம் எடுத்திருக்கலாம்ல, க்யா ஆன்ட்டி" என்று இந்தி கலந்து சொன்னாள். படத்தை யாரிடமாவது காட்டலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

ரோட்டுக்கு வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே எங்கள் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் படத்தைப் போட்டேன். கிராமத்தின் பெயரை எழுதி, 'நம்ம ஊர்ப் பிள்ளை, தாராவியில்' என்று சேர்த்தேன். எல்லாம் ஊர்ப் பாசம். சாயங்காலத்துக்குள் பாராட்டு குவிந்தது. முதுகைச் சொன்னவரே, 'வந்துட்டாங்கம்மா' என்று எழுதியிருந்தார். மதினி வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே படித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, எஸ்தர் அக்காவுக்குக் கொடுக்கத் தாராவிக்குப் போனேன். தெருவில் படம் எடுப்பவர்களில் நல்லவர்கள் இப்படித் திரும்பிப் போய்ப் பிரதி கொடுப்பார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். நல்லவளாக இருக்கும் சந்தோஷத்தோடு சந்துக்குள் நுழைந்தேன்.

எஸ்தர் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தம் போடவில்லை.

"உங்களத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இவளுக்கு மாப்பிள்ள பேசி முடிச்சிருக்கு. பையன் குர்லாவுல லேத்துப் பட்டறையில இருக்கான், அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனா ஊர்ல அவன் அம்மாகிட்ட நாங்க சயான்னுதான் சொல்லியிருக்கோம். இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. தாராவின்னா சம்பந்தம் நிக்காதும்மா. நேத்து ராத்திரி ஃபோன் வந்திச்சு. பொண்ணு நைட்டியோட சந்துல நிக்கா, ஊர் பேரும் போட்டிருக்கு, இது உங்க பிள்ளதானன்னு கேக்காவ."

'சயான், மும்பை' என்று எத்தனை கல்யாணப் பத்திரிகையில் நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் ஏன் என்று யோசித்ததில்லை. ஃபோனை எடுத்துப் படத்தை அங்கேயே நீக்கினேன். அதற்குள் பலபேர் பகிர்ந்திருந்தார்கள். பிரிண்ட் இருந்த கவரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

"அழிச்சா என்ன, பாத்தாச்சே" என்றாள் அக்கா. "நீங்க பேசுங்க. நீங்கதான எழுதுனீங்க. நீங்க சொன்னா நம்புவாவ."

அவளே பையனின் அம்மா நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள். ஷீபா தையல் மிஷினில் ஒரு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நான் சரளமாகப் பொய் சொன்னேன். இவ்வளவு நன்றாக எனக்குப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. எழுதியதில் நான்தான் தப்புப் பண்ணிவிட்டேன், அவர்கள் வீடு சயானில்தான், சபையில் சுகமில்லாத ஓர் அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க இந்தப் பெண் தாராவிக்கு வந்து தங்கியிருந்தாள், அப்போது எடுத்தது என்றேன்.

மறுமுனையில் குரல் இளகியது. "அப்படியா? நல்ல பிள்ளதான். நாங்க என்னமோ ஏதோன்னு பயந்துட்டோம். ஏம்மா, நீங்க நேர்ல பாத்தீங்களே, அது மனுசர் இருக்கக்கூடிய எடமா?"

ஏதாவது மழுப்பியிருக்கலாம். எனக்குப் பாளையங்கோட்டையில் வீடு இருக்கிறது, வாசலில் குழாய் இருக்கிறது, எவர் கேட்டாலும் தெருப் பெயரைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் பொய் ஓடுகிற வேகத்தில் இருந்தேன், அவர்கள் முழுசாக நம்ப வேண்டும் என்ற பதற்றம் வேறு.

"அதையேன்க்கா கேக்கீங்க. ரெண்டு நிமிசம் மூக்கப் பொத்தாம நிக்க முடியல. எப்படித்தான் இருக்காங்களோ."

தையல் மிஷின் நின்றது. எஸ்தர் அக்கா தரையைப் பார்த்தபடி, சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த அறை அப்போதுதான் கழுவித் துடைத்த ஈரம்கூடக் காயாமல், சோப்பு வாசனையோடு இருந்தது. வைக்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

"நல்லாச் சொன்னீங்க" என்றாள் அக்கா. குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றியாகத்தான் சொன்னாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். குடித்தேன்.

கிளம்பும்போது ஷீபா கவரைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "சந்து தெரியாம என் மூஞ்சிய மட்டும் வெட்டித் தர முடியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். கத்தரிக்கோலை அவளே எடுத்துக் கொடுத்தாள். வாசலையும் டிரம்மையும் வெயிலையும் வெட்டி எடுத்துவிட்டு, முகத்தை அவளிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாதரில் ஊருக்கு ரயிலேறினேன். எங்கள் பக்கத்தில் ஊர் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை, அடுத்து எந்தத் தெரு என்று கேட்போம். தெருப் பெயர் கிடைத்தால் ஆளை எங்கே உட்கார வைப்பது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

புனே தாண்டியதும் கேமராவைத் திறந்தேன். அந்தப் படம் கார்டில் அப்படியே இருந்தது. அழிப்பதற்காகத்தான் திறந்தேன், சத்தியமாக. ஆனால் பார்த்ததும் முதலில் மனதில் வந்தது, வெளிச்சம் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்பதுதான். அந்தப் பெண் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தாள். வெட்கமாக இருந்தது. படத்தை இன்னும் அழிக்கவில்லை.