அக்கா கோத்த மணித் திரை

மயிலாப்பூரில் எங்கள் கூடத்து வாசல் நிலையில் தொங்கிய மணித் திரையைக் கோத்தவள் நான். யுத்த காலத்தில் நல்ல மணி கிடைக்காமல், என் பாசிமணி மாலைகளையே அறுத்து இரண்டு கிளிகள் வரும்படி கோத்திருந்தேன்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதை மெச்சியதும், அம்மா கொஞ்சமும் கூசாமல், "எல்லாம் இவ கைவேலைதான்" என்று அக்காவைக் காட்டினாள். கல்யாணம் முடிந்ததும் திரையும் சீரோடு மாம்பலம் போயிற்று.

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்த மாமி வெறும் நிலையைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குக் கைவேலை ஒண்ணும் தெரியாதோ?" என்றாள். உண்மையைச் சொன்னால் அக்காவின் மானம் போகும் என்று அம்மா வாயைத் திறக்கவில்லை.

பிறகொரு நாள் அக்கா வீட்டில் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மாமியார் காதில் விழும்படி அக்கா கத்தினாள்: "மெதுவாடி, அறுந்துடப் போறது! கோத்தவாளுக்குன்னா தெரியும் அந்தக் கஷ்டம்!"